தோல்வியில் அணி முளைக்காது

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணி சரியத் தொடங்கினால் 'மறுகட்டுமானம்' என்று நிர்வாகம் சொல்லும் பேச்சு இப்போதெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. மூத்த வீரர்களைக் கைமாற்றிவிடுவோம். மூன்று நான்கு வருஷம் பட்டியலின் அடியில் கிடப்போம். அதற்குக் கூலியாக டிராஃப்டில் முதல் வரிசை இடங்கள் கிடைக்கும். 18 வயதுப் பையன்களைச் சேர்ப்போம்; அவர்கள் ஒன்றாக வளர்வார்கள்; அப்புறம் பத்து வருஷம் நம் ராஜ்ஜியம். நிர்வாகம் மட்டும் இப்படிப் பேசவில்லை. எந்த அணியின் கையில் எத்தனை இளம் திறமைகள் என்று பத்திரிகைகள் தரவரிசை போடுகின்றன. ரசிகர்கள் அந்த வரிசையைக் கோப்பையைப் போலவே கொண்டாடுகிறார்கள். இதைக் கேள்வி கேட்பவருக்குப் பொறுமை இல்லை, ஆட்டம் தெரியவில்லை என்று முத்திரை குத்திவிடுகிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறானது. இளம் வீரர்கள் தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. அவர்கள் இல்லாமல் எந்த அணியும் நிலைக்காது. என் மறுப்பு வரிசையைப் பற்றியது. அணி என்று ஒன்று முன்பே இருந்தால்தான் அதற்குள் வரும் பையன்கள் ஆளாகிறார்கள். அணியைக் கலைத்துவிட்டுப் பையன்களைக் கொண்டு அதைத் திரும்பக் கட்டலாம் என்று இறங்கியவர்கள் கட்டியதைவிட இழந்ததே அதிகம். வட அமெரிக்காவின் முதன்மையான ஹாக்கி லீகான என்ஹெச்எல்லின் கடந்த நாற்பது வருஷ வரலாறு இதற்குச் சாட்சி.

முதலில் டிராஃப்டையே எடுத்துக்கொள்வோம். லீகில் 32 அணிகள். ஒவ்வொரு கோடையிலும் 18 வயதை எட்டிய வீரர்களை 7 சுற்றுகளில் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பலவீனமான அணிக்கு முந்திய இடம் என்பது அடிப்படை. எளியவரையும் நிமிரவைக்க வந்த ஏற்பாடுதான்; ஆனால் தோற்பதில் லாபம் வைத்தால் தோற்கவும் ஆள் வருவார்கள். 1983-84 சீசனில் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் 38 புள்ளிகளோடு கடைசி இடத்தில் நின்றது. அதற்கு மேலே இருந்த நியூ ஜெர்சிக்கு 41. அடுத்த டிராஃப்டுக்கு வரவிருந்த மரியோ லெமியூவுக்காகவே பிட்ஸ்பர்க் சரிந்துகொடுத்தது என்று அன்றே பேச்சு எழுந்தது. இந்த மாதிரி சந்தேகங்கள் வலுத்ததால் 1995ல் லீக் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது. இப்போதைய விதிப்படி கடைசி இடத்து அணிக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு 25.5 சதவீதம். ஒரு சீசன் முழுக்க மானத்தை அடகு வைத்தாலும், நான்கு முறைக்கு மூன்று முறை அந்தப் பையன் வேறு ஊருக்குப் போய்விடுவான்.

பஃபலோவுக்கு அதுதான் நடந்தது. 2014-15ல் கானர் மெக்டேவிட் என்ற பையன் டிராஃப்டுக்கு வரவிருந்தார். பஃபலோ சேபர்ஸ் சீசன் தொடங்கியபோது வைத்திருந்த கோல்கீப்பர்கள் இருவரையும் சீசன் முடிவதற்குள் வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டது. மார்ச் 26 அன்று சொந்த அரங்கில் அரிசோனாவோடு ஆட்டம். கூடுதல் நேரத்தில் அரிசோனா கோல் அடித்து வென்றபோது பஃபலோ ரசிகர்களில் பலர் எழுந்து ஆரவாரம் செய்தார்கள். தங்கள் சட்டையைப் போட்டு ஆடியவர்கள் தோற்றதற்கு விழுந்த கைதட்டல் அது. பஃபலோ 54 புள்ளிகளோடு கடைசி இடத்தைப் பிடித்தது. குலுக்கலில் முதல் தேர்வு எட்மண்டனுக்குப் போனது.

இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். மெக்டேவிட் கிடைக்காவிட்டாலும் இரண்டாவது இடத்தில் ஜாக் ஐகல் கிடைத்தாரே என்று கேட்கலாம். கேளுங்கள், பஃபலோவின் உண்மையான பாடம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 2014ல் இரண்டாவது தேர்வாக சாம் ரைன்ஹார்ட், 2015ல் ஐகல், 2018ல் முதல் தேர்வாக ராஸ்மஸ் டாலின், 2021ல் மறுபடியும் முதல் தேர்வாக ஓவன் பவர். 2015லேயே கொலராடோவிலிருந்து ரயன் ஓ'ரைலியையும் வாங்கினார்கள். ஆள் தேர்வில் பெரிய பிழை என்று எதையும் சுட்ட முடியாது. இருந்தும் 2011-12 முதல் 2024-25 வரை 14 சீசன்கள் பஃபலோ கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளைத் தொடவில்லை. லீக் வரலாற்றில் அவ்வளவு நீண்ட வறட்சி வேறு எந்த அணிக்கும் வந்ததில்லை.

அந்தப் பையன்கள் என்ன ஆனார்கள்? ஓ'ரைலி 2018ல் செயின்ட் லூயிஸுக்குப் போனார். அடுத்த வருஷமே அந்த அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது அவருக்கு. ஐகல் 2021ல் வேகாஸுக்குப் போனார். 2023ல் கோப்பை வென்ற அணியில் பிளேஆஃபில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவரே. ரைன்ஹார்ட் அதே 2021ல் ஃபுளோரிடாவுக்குப் போனார். 2023-24ல் 57 கோல் அடித்து, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் வெற்றி கோலையும் அடித்தார். ஒரே அணி கைவிட்ட மூவர், மூன்று வேறு ஊர்களில், கோப்பைக்குத் தூணாக நின்றார்கள். திறமை பஃபலோவில் இல்லாமல் இல்லை. திறமை வேர்பிடிக்க அங்கே நிலம் இல்லை.

ஏன் இல்லை? தோல்வி ஒரு தற்காலிக ஏற்பாடு, வேண்டும்போது தொடங்கி வேண்டும்போது நிறுத்திக்கொள்ளலாம் என்று மறுகட்டுமானம் பேசுகிறவர்கள் நினைக்கிறார்கள். உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருக்கும் வீரனுக்கு அது பழக்கமாகிவிடுகிறது. பஃபலோவை விட்டுப் போன 2018ஆம் வருஷம், தொடர்ந்து தோற்றதில் ஆட்டத்தின் மேலிருந்த பிரியத்தையே சில நேரங்களில் இழந்துவிட்டதாக ஓ'ரைலி வெளிப்படையாகச் சொன்னார். பல வருஷம் ஆடித் தேர்ந்தவருக்கே அந்த நிலை என்றால் 19 வயதுக்காரன் எப்படித் தாங்குவான்? ஐகல் அங்கே பைல்ஸ்மா, ஹவுஸ்லி, க்ரூகர் என்று மூன்று பயிற்சியாளர்களிடம் ஆடினார். தோல்வி வந்தால் பயிற்சியாளர் போவார்; பயிற்சியாளர் போனால் ஆட்டமுறை மாறும்; கற்றதை மறந்து புதிதாகக் கற்பதிலேயே ஒரு பையனின் முக்கியமான வருஷங்கள் கழிந்துவிடும்.

எட்மண்டனைப் பாருங்கள். 2010ல் டெய்லர் ஹால், 2011ல் ரயன் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ், 2012ல் நைல் யாகுபோவ். மூன்று வருஷம் தொடர்ந்து முதல் தேர்வு. மறுகட்டுமானக் கொள்கைக்கு இதைவிட நல்ல பரிசோதனை அமையாது. விளைவு, 2006-07 முதல் 2015-16 வரை பத்து சீசன்கள் பிளேஆஃப் இல்லை. ஹால் எட்மண்டனில் ஆறு சீசன் ஆடி ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடாமல் 2016ல் நியூ ஜெர்சிக்கு அனுப்பப்பட்டார். 2018ல் லீகின் மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருதை அங்கே வென்றார். யாகுபோவ் 24 வயதில் என்ஹெச்எல்லை விட்டே போய்விட்டார். மூவரில் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ் ஒருவர்தான் அந்த அணியோடு நிலைத்தார்.

'எட்மண்டன் பிறகு 2024லும் 2025லும் இறுதிக்கு வந்ததே' என்பார்கள். வந்தது. மெக்டேவிட்டும் 2014ல் மூன்றாவது தேர்வாக வந்த லியோன் டிரைசைட்டிலும் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் மெக்டேவிட் வந்து ஒன்பதாவது சீசனில்தான் அந்த அணி இறுதிக்குப் போனது. நடுவில் என்ன சேர்ந்தது என்று பாருங்கள். 2021ல் டொராண்டோவிலிருந்து ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த ஸாக் ஹைமன். 2023ல் நாஷ்வில்லிலிருந்து வாங்கிய தடுப்பாட்டக்காரர் மட்டியாஸ் ஏக்ஹோம். முப்பதை ஒட்டியும் தாண்டியும் நின்ற இந்த மாதிரி ஆட்கள் வந்தபிறகே தலைமுறைக்கு ஒருமுறை பிறக்கும் வீரனுக்கும் இறுதித் தொடர் கண்ணில் பட்டது.

பையன்கள் ஒன்றாக வளர்வார்கள் என்பது இந்தக் கொள்கையின் நடுத்தூண். ஆட்டத்தின் இயல்பே இதற்கு எதிரானது. ஐஸ் ஹாக்கியில் ஒருவர் ஒரு முறை களத்தில் இறங்கினால் முக்கால் நிமிஷம்போல் ஆடிவிட்டு வெளியே வந்து அடுத்தவருக்கு இடம் விடுவார். ஆட்டத்தில் பாதிக்கும் மேற்பட்ட நேரம் வீரன் பெஞ்சில் இருக்கிறான். பக் என்னும் வட்டு எந்தப் பலகையில் பட்டு எங்கே வரும், முன்னேறித் தாக்குவதா பின்னால் இறங்குவதா, களைப்பு ஏறும்போது எப்போது வெளியே வருவது என்பதெல்லாம் அந்த பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் கற்க வேண்டியவை. பக்கத்தில் இருப்பவனும் 19 வயதுக்காரனாக இருந்தால் யார் யாருக்குச் சொல்லித்தருவது? மேலும், 18 வயது உடம்பை 30 வயது ஆட்கள் பலகையோடு அழுத்தும் விளையாட்டு இது. அந்த மோதலை ஏற்கத் தோள்கொடுக்கும் பெரியவர்கள் இல்லாத அணியில் பையன் ஆட்டத்தைக் கற்பதற்கு முன் அடிவாங்குவதைக் கற்கிறான்.

டெட்ராய்ட் ரெட் விங்ஸ் 1990-91 முதல் 2015-16 வரை 25 சீசன்கள் விடாமல் பிளேஆஃபில் ஆடியது. எப்போதும் மேலே இருந்ததால் டிராஃப்டில் முதல் வரிசை அதற்குக் கிடைக்கவே இல்லை. நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1989ல் 53வது தேர்வு. பவெல் தத்சூக் 1998ல் 171வது. ஹென்ரிக் ஸெட்டர்பெர்க் 1999ல் 210வது. தேர்ந்தெடுத்த மறுநாளே யாரையும் களத்தில் தள்ளிவிடவில்லை. லிட்ஸ்ட்ரோம் இரண்டு வருஷம் கழித்து வந்தார்; மற்ற இருவரும் மூன்று வருஷம் கழித்து. தத்சூக் வந்த முதல் சீசனில் அவர் பக்கத்தில் ஆடியவர் பிரெட் ஹல். அணித்தலைவர் ஸ்டீவ் ஐசர்மன். வருஷக் கடைசியில் கையில் கோப்பை. 2005ல் சம்பள உச்சவரம்பு வந்தபின் பணக்கார அணிகளின் வித்தை செல்லாது என்றார்கள். 2008ல் டெட்ராய்ட் மறுபடியும் வென்றது, அதே லிட்ஸ்ட்ரோம், தத்சூக், ஸெட்டர்பெர்க்கோடு.

டாம்பா பே பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிர்த்தரப்பு அதைத் தன் பக்கம் எண்ணிக்கொள்கிறது. 2008ல் முதல் தேர்வு ஸ்டாம்கோஸ், 2009ல் இரண்டாவது தேர்வு ஹெட்மன், உண்மைதான். ஆனால் 2020லும் 2021லும் கோப்பை வென்ற அணியில் குசெரோவ் 58வது தேர்வு, பிரேடன் பாயின்ட் 79வது, ஓண்ட்ரே பலாட் 208வது. பயிற்சியாளர் ஜான் கூப்பர் 2012ல் ஏஹெச்எல் என்னும் இரண்டாம் நிலை லீகில் நார்ஃபோக் அணியைத் தொடர்ச்சியாக 28 ஆட்டங்களில் வெல்லவைத்து, அந்த லீகின் கோப்பையையும் எடுத்தவர். பலாட் அந்த அணியில்தான் ஆடினார். சின்ன லீகானாலும் வெற்றி வெற்றிதான். ஜெயிக்கும் பழக்கத்தோடு மேலே வந்த பையன்களுக்கு அது பெரிய லீகிலும் கைகொடுத்தது.

எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதம் பிட்ஸ்பர்க்கும் சிகாகோவும். பிட்ஸ்பர்க் 2003 முதல் 2006 வரை ஃப்ளூரி, மால்கின், கிராஸ்பி, ஸ்டால் என்று முதல் இரண்டு இடங்களுக்குள்ளேயே நான்கு பேரை எடுத்து 2009ல் கோப்பை வென்றது. சிகாகோ 2006ல் டேவ்ஸையும் 2007ல் கேனையும் எடுத்து 2010, 2013, 2015 என்று மூன்று கோப்பை வென்றது. இவர்கள் இல்லாமல் அந்தக் கோப்பைகள் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கதையின் மறுபாதியைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. கிராஸ்பி 18 வயதில் வந்தபோது லெமியூ இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்; தன் வீட்டிலேயே பையனைத் தங்கவைத்தார், பல வருஷம். தடுப்பாட்டத்துக்கு கோன்சார் வெளியிலிருந்து வந்தார். 2009 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் குனிட்ஸையும் கெரினையும் வாங்கினார்கள். டெட்ராய்ட்டை 2-1 என்று வென்ற ஏழாவது ஆட்டத்தில் இரண்டு கோலும் அடித்தவர் மாக்ஸ் டால்போ. 2002ல் 234வது தேர்வு. சிகாகோவில் 2009ல் ஹோசாவை வெளியிலிருந்து எடுத்தார்கள். ஷார்ப் கைமாற்றில் வந்தவர். தடுப்பாட்டத்தின் முதுகெலும்பான டங்கன் கீத் 54வது தேர்வு, இரண்டு வருஷம் ஏஹெச்எல்லில் பழகிவிட்டு வந்தவர். அந்த முதல் கோப்பையை எடுத்த உடனே சம்பள உச்சவரம்பு நெருக்க, பைஃபுக்லியன், லாட், வெர்ஸ்டீக் மூவரையும் அனுப்ப வேண்டி வந்தது. பையன்களின் முதல் ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கே மலிவு. 'அப்புறம் பத்து வருஷம் நம் ராஜ்ஜியம்' என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

டொராண்டோவில் இதை நேரிலேயே பார்க்கலாம். ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் மேப்பிள் லீஃப்ஸோடு சேர்ந்து தவித்த காலம் இது. 2014ல் நைலாண்டர், 2015ல் மார்னர், 2016ல் கடைசி இடத்துக்குப் பரிசாக மேத்யூஸ். மூவரும் எதிர்பார்த்தபடியே பெரிய வீரர்களானார்கள். அவர்களோடு டவாரெஸையும் சேர்த்து நான்கு முன்கள வீரர்களுக்கே சம்பள வரம்பில் பாதியளவு போனது. தடுப்பாட்டத்துக்கும் கோல்கீப்பருக்கும் மிச்சத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 2017 முதல் 2025 வரை அந்த அணி வென்ற பிளேஆஃப் தொடர்கள் இரண்டே. 2025 கோடையில் மார்னர் வேகாஸுக்குப் போய்விட்டார். 1967க்குப் பிறகு டொராண்டோவுக்குக் கோப்பை இல்லை. எடுத்த பையன்களெல்லாம் தேறியும் திட்டம் தேறவில்லை.

பையன்களை என்னதான் செய்வது? வளர்க்க வேண்டியவர்களை வளர்க்க வேண்டும், கொடுக்க வேண்டியவர்களைக் கொடுக்க வேண்டும். வேகாஸ் 2017ல் பிறந்த அணி. அந்த வருஷம் முதல் சுற்றில் எடுத்த கிளாஸ், சுசுகி, பிரான்ஸ்ட்ரோம் மூவரையும் சில வருஷங்களுக்குள் கைமாற்றிவிட்டது. பிரான்ஸ்ட்ரோமைக் கொடுத்து வாங்கியவர் மார்க் ஸ்டோன்; 2023ல் கோப்பையை முடித்துவைத்த ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த அணித்தலைவர். சுசுகியைக் கொடுத்தது நஷ்டம்தான். அவர் மாண்ட்ரியலின் அணித்தலைவராக வளர்ந்துவிட்டார். சில கைமாற்றுகள் தவறும். எல்லாப் பையன்களையும் பொத்தி வைத்துக்கொண்டு எதிர்காலத்துக்குக் காத்திருந்தால் தவறே நடக்காது, வெற்றியும் நடக்காது. ஃபுளோரிடா 2024லும் 2025லும் வென்ற விதமும் இதுவே. பார்கோவும் எக்பிளாடும் டிராஃப்டில் வந்தவர்கள். போப்ரோவ்ஸ்கி ஒப்பந்தத்தில், கச்சக்கும் பென்னட்டும் கைமாற்றில் வந்தவர்கள். ஃபோர்ஸ்லிங்கோ கரோலினா வேண்டாமென்று விட்டபோது எடுத்துக்கொண்ட ஆள்.

இந்தப் பாடம் பழையது. கியூபெக் நார்டிக்ஸ் 1989ல் சண்டினையும் 1990ல் நோலனையும் 1991ல் லிண்ட்ராஸையும் மூன்று வருஷம் தொடர்ந்து முதல் தேர்வாக எடுத்தது. அணி 1995ல் டென்வருக்கு இடம்பெயர்ந்து 1996ல் கோப்பை வென்றபோது மூவரில் ஒருவர்கூட அங்கே இல்லை. ஆட மறுத்த லிண்ட்ராஸுக்கு ஈடாக ஃபோர்ஸ்பெர்கும் இன்னும் பலரும் வந்தார்கள். நோலனுக்கு ஈடாக ஓசோலின்ஷ். சண்டினைக் கொடுத்து வாங்கிய கிளார்க்கைக் கொடுத்து குளோட் லெமியூ. லிண்ட்ராஸ் பேரத்தில் கிடைத்த தேர்வில் எடுத்த கோல்கீப்பர் திபோ, பேட்ரிக் ராயை வாங்கப் போனார். தலைமை தாங்கிய ஜோ சாகிக் 15வது தேர்வு. தோற்றதால்தானே இவ்வளவும் கையில் வந்தது என்று கேட்பீர்கள். வந்தது, அதை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தால் கோப்பை வந்திருக்காது என்பதே நான் சொல்வது. அதோடு, தோல்வி வருஷங்களைச் சுமந்தவர்கள் கியூபெக் மக்கள். கோப்பை ஊர்வலம் பார்த்தவர்கள் டென்வர் மக்கள். அணி போனதற்குப் பணநெருக்கடியே காரணம். ஆனாலும் 'பிற்பாடு ஜெயிப்போம், இப்போது பொறு' என்று ரசிகனிடம் கேட்பவர், அந்தப் பிற்பாடு அவனுக்குச் சேரும் என்று உறுதி தரும் நிலையில் இல்லை. வருஷக்கணக்காக எதிர்காலத்தைக் காட்டிக்கொண்டிருந்த அரிசோனா அணி, கடைசியில் டெம்பி நகரில் ஐயாயிரம் பேர்கூட உட்கார முடியாத பல்கலைக்கழக அரங்கில் ஆடி, 2024ல் சால்ட் லேக் சிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே மறுகட்டுமானம் என்ற பேச்சு வரும்போது ரசிகர்களும் எழுதுகிறவர்களும் இளம் திறமைத் தரவரிசையை ஓரமாக வைத்துவிட்டுச் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். வரும் பையனுக்குப் பக்கத்தில் உட்காரப்போகும் மூத்தவர் யார்? இரண்டாம் நிலை லீகில் உங்கள் அணி ஜெயிக்கிறதா, அங்கே பயிற்சியாளர் நிலைத்திருக்கிறாரா? முப்பதாவது, எழுபதாவது, இருநூறாவது தேர்வுகளைத் தேடிப் பிடிக்கும் கண்கள் உங்களிடம் உண்டா? எந்தப் பையனை வைத்துக்கொள்வது, எவனைக் கொடுத்து யாரை வாங்குவது என்று முடிவெடுக்கும் துணிச்சல் இருக்கிறதா? முதல் ஒப்பந்தம் முடிந்ததும் சம்பளக் கணக்கு எப்படி நிற்கும்? இவற்றுக்கு விடை வைத்திருக்கும் அணி 20வது இடத்தில் தேர்ந்தெடுத்தாலும் எழும். விடை இல்லாத அணிக்கு முதல் தேர்வு நான்கு முறை கிடைத்தாலும் போதாது.

தோற்பதற்கு ஆற்றல் தேவையில்லை. எந்த நிர்வாகத்தாலும் முடியும். அதைத் தொலைநோக்கு என்று பெயர் சூட்டி விற்பவர்களிடம் நாம் இனி நுழைவுச்சீட்டு வாங்கக் கூடாது. மெக்டேவிட்டைப் போல ஒருவன் வருவான் என்ற நம்பிக்கையில் ஒரு சீசனை எரிப்பதைவிட, நாளை வருபவன் கற்றுக்கொள்ளத் தகுந்த அணியாக இன்றே ஆடுவது கடினமான வேலை. பொது மேலாளருக்குச் சம்பளம் அந்த வேலைக்குத்தான்.